ஞானாம்பிகை முடித்துவைத்த வாக்கியங்கள்

எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாலே அது எங்கே போய் முடியும் என்று ஞானாம்பிகைக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் காத்திருப்பது அவளால் ஆகாத காரியம். அவளே முடித்துவைத்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே முடித்தாள் என்பதுதான் அதில் உள்ள சங்கடம்.

ஜார்ஜ்டவுனில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் கால் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு இருபத்தெட்டு வருஷ உத்தியோகம். பதினெட்டு வயதில் ஆபரேட்டராகச் சேர்ந்து, நாற்பதில் சூப்பர்வைசர் ஆனாள். தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் முதுகுக்குப் பின்னால் ரப்பர் செருப்பில் ஓசையில்லாமல் நடப்பாள். அழைப்புப் பலகையில் எந்த விளக்கு எத்தனை நொடியாக எரிகிறது, யார் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விளக்கு கொஞ்சம் கூடுதலாக எரிந்தால் பெண்ணின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பிளக்கை அவளே சொருகிவிடுவாள். மதியச் சாப்பாடு நின்றபடியே ஏழு நிமிஷம். ஆயர் ஈத்தாமில் உள்ள வீட்டுக்குப் போகும் பஸ் வரத் தாமதமானால் ஸ்டாப்பில் நிற்கமாட்டாள். அடுத்த ஸ்டாப்பை நோக்கி நடப்பாள். நடுவழியில் பஸ் அவளைக் கடந்து போகும். நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் ஏறியிருக்கலாம். வாரத்தில் இரண்டு நாளாவது இது நடக்கும். ஆனாலும் நிற்கமாட்டாள்.

கல்யாணம் ஆகவில்லை. இருபத்தாறு வயதில் தைப்பிங்கிலிருந்து ஒரு வாத்தியார் பெண் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசுகிறவர். அவர் ஐந்து வாக்கியம் தொடங்கினார். ஐந்தையும் ஞானாம்பிகை முடித்தாள். பத்து நாள் கழித்து அவருடைய அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அதையும் அவள் முதல் வரியோடு மடித்து வைத்துவிட்டாள்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் தனியாக இருந்தாள். சொந்தம் என்று சொல்ல ஒரே அக்கா, வள்ளிநாயகி. கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் இருந்தாள். அந்த அக்கா அவளோடு பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தாடை வலித்தது. பிறகு இடது தோள். வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்தாள். வேலைக்குப் போனாள். அடுத்த வாரத்து ஷிப்ட் அட்டவணை எழுதி முடிக்கவேண்டியிருந்தது. நெற்றியில் வேர்வை ஊற்ற ஊற்ற அதை எழுதி முடித்து, பதினோரு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே பஸ் ஏறிப் போனாள். நெஞ்சு வலி என்று யாரிடமும் சொல்லவில்லை. சாதாரண நோயாளிகளின் வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற ஒரு கிழவர் அடையாள அட்டையான ஐசியை ஒவ்வொரு பையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"வரிசையிலே நிக்கும்போதே எடுத்து வச்சிக்கக் கூடாதாலா? பின்னாடி எத்தன பேர் நிக்கிறாங்க!" என்றாள்.

அதுதான் அன்றைக்கு அவள் கடைசியாகப் பேசியது. அந்தக் கிழவர்தான் அவளைத் தாங்கிப் பிடித்தவர் என்று பிறகு சொன்னார்கள்.

கண் விழித்தபோது நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள்.

"யாருக்குத் தகவல் சொல்லணும், அக்கா?"

ஞானாம்பிகை ஒரு நம்பர் சொன்னாள். நர்ஸ் எழுதிவிட்டுப் பார்த்தாள்.

"இது ஆபீஸ் நம்பர் மாதிரி இருக்கு. வீட்டு ஆளுங்க யாராச்சும்?"

"எழுதிக்குங்க. அங்கே எந்நேரமும் ஆள் இருக்கும்."

நான்கு நாள் கழித்துப் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் சித்தி ஹாஜரா என்ற அம்மாள். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். மாலை ஐந்து மணி ஆனால் அவரைச் சுற்றி மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று கட்டிலே தெரியாது. காலையில் யாரும் இல்லாதபோது அவர் ஞானாம்பிகை பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கதை சொல்வார். எல்லாம் இரண்டாவது மருமகளைப் பற்றி.

"அன்னிக்கு நோன்பு முதல் நாளு. நான் கடையிலேருந்து வந்து பாக்குறேன், கதவு தொறந்து கெடக்கு. அடுப்புல சட்டி இருக்கு. இவளக் காணோம். சரி, எங்கே போயிருப்பான்னு…"

"அம்மா வீட்டுக்குப் போயிருப்பா."

சித்தி ஹாஜரா சற்று நேரம் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை.

"ஆமா. அங்கதான் போயிருந்தா. ஆனா கதைய நீயே சொல்லிட்டா நான் எதுக்குத் தங்கச்சி படுத்துக் கெடக்கேன்?"

என்றுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வார்டுக்குத் தங்கராஜு என்ற இளம் டாக்டர் வருவார். மேல்படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இதய நோய் வந்தவர்களின் சுபாவம் எப்படி, நடந்துகொள்ளும் விதம் எப்படி என்று கேள்வித்தாள் வைத்து எழுதிக்கொள்வார். ஒருநாள் ஞானாம்பிகையின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருபத்தஞ்சு கேள்வி. நிதானமா பதில் சொல்லுங்க, அக்கா. முதல் கேள்வி. வரிசையிலே நிக்கவேண்டி வந்தா உங்களுக்கு…"

"எரிச்சல் வரும்."

"சாப்பிடும்போது மத்தவங்களவிட நீங்க…"

"சீக்கிரம் முடிச்சிருவேன்."

"அடுத்தவங்க பேசிட்டிருக்கும்போது அவங்க…"

"பேச்ச நான் முடிச்சி வைப்பேனான்னு கேக்கறீங்க. அப்படியெல்லாம் இல்ல. அடுத்தது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்துக் கட்டிலில் சித்தி ஹாஜராவின் போர்வை குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. அதன் பிறகுதான் ஞானாம்பிகைக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது.

"இப்படிப்பட்ட சுபாவம் உள்ளவங்களுக்கு இந்த நோய் கூடுதலா வருதுன்னு வெளிநாட்டிலே எழுதியிருக்காங்க" என்றார் டாக்டர். "எப்பவும் நேரத்தோட போட்டி போடறது, காத்திருக்க முடியாம தவிக்கிறது, உள்ளுக்குள்ளேயே கோபத்த வச்சிக்கிறது. எல்லா டாக்டருங்களும் ஒத்துக்கல. உங்களுக்கு பிரஷர் வேற இருந்திருக்கு, நீங்க கவனிக்கல. ஆனா அவசரத்தவிட கோபம்தான் மோசம்னு எனக்குத் தோணுது."

"எனக்குக் கோபமே கிடையாது!" என்றாள் ஞானாம்பிகை. அவள் தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டிக்கொண்டிருந்த மானிட்டரை டாக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

அவர் எழுந்து போகும்போது அவள் கூப்பிட்டாள்.

"டாக்டர், எங்க அத்தான் ஒருத்தர் இருந்தாரு. அக்கா வீட்டுக்காரர். விநாசித்தம்பின்னு பேரு. ரெண்டு இட்லி சாப்பிட அரைமணி நேரம் எடுப்பாரு. குரல உயர்த்தி ஒரு வார்த்த பேசினதில்ல. அவரும் நெஞ்சு வலியிலதான் போனாரு. அவருக்கு ஏன் வந்துச்சு?"

டாக்டர் யோசித்தார். "தெரியலக்கா. என் தாள்ல அதுக்குப் பதில் இல்ல."

அந்த அத்தானைப் பற்றி அவள் மூன்று வருஷமாக யாரிடமும் பேசியதில்லை.

எழுபத்தொன்பதில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், எக்ஸ்சேஞ்சில் இரண்டு பெண்கள் லீவு. விளக்குகள் ஏகமாக எரிந்துகொண்டிருந்தன. அவள் மேசைப் போன் அடித்தது. அக்கா, பக்கத்துக் கடையிலிருந்து கூப்பிட்டிருந்தாள். வள்ளிநாயகிக்கு எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்லவரும்.

"ஞானம், நேத்து நான் பாசாருக்குப் போயிட்டு வந்தேனா, அப்போ மழை பிடிச்சிட்டுது. அத்தான் குடையோட வாசல்ல வந்து நின்னவர், வந்ததிலேருந்து ஒரு மாதிரி…"

"அக்கா, விஷயத்த சொல்லுங்க. லைன்ல ஆளுங்க காத்திருக்காங்க. மழையில நனைஞ்சு சளி பிடிச்சிருக்கும். கஷாயம் குடுங்க. நான் ஞாயித்துக்கிழம கூப்பிடறேன்."

ரிசீவரை வைத்துவிட்டாள். மறுநாள் விடியும்போது விநாசித்தம்பி இறந்துபோனார். சாவு வீட்டில் அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லவேண்டிய எதையும் சொல்லவுமில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம். அக்கா வாய் திறக்காததால், ஞானாம்பிகை தன் மனசுக்குள் இரண்டு பேருடைய பேச்சையும் தானே பேசிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அக்காமேல்தான் கோபம் வந்து முடிந்தது. முதல் வார்த்தையிலேயே நெஞ்சு வலி என்று சொல்லியிருக்கலாமே!

வார்டில் அவளைப் பார்க்க ஒரே ஒருத்திதான் வந்தாள். ரொஸ்னா. டத்தோ கிராமாட்டிலிருந்து வரும் சின்ன ஆபரேட்டர். அவளிடம்தான் ஞானாம்பிகை அதிகமாகக் கடிந்துகொள்வாள். ஆரஞ்சுப் பழம் நாலு கொண்டுவந்து வைத்தாள். நின்றுகொண்டே பேசினாள்.

"உக்காரேன்லா, ரொஸ்னா."

"இல்ல மேடம்." ரொஸ்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மேடத்துக்கு டைம் வேஸ்ட் பண்றது பிடிக்காது. வேலையெல்லாம் நல்லா நடக்குது. எல்லாரும் கேட்டதா சொல்லச் சொன்னாங்க. நான் வரேன் மேடம்."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை. சூப்பர்வைசரைச் சந்தோஷப்படுத்துவதாகவே நினைத்துப் போனாள். ஞானாம்பிகை ஆரஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு மருமகள் எதையோ நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டாவது மருமகள் இவள்தானா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது தங்கராஜு டாக்டர் மருந்துச் சீட்டோடு ஒரு வேலையும் கொடுத்தார். "மெதுவா நடக்கணும். மெதுவா சாப்பிடணும். தினம் ஒருத்தராச்சும் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம கேளுங்க. பழகிப் பாருங்க."

ஞானாம்பிகை வேலை என்றால் செய்கிறவள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டாள். நாலரையிலிருந்து ஐந்து வரை மெதுவாக நடப்பது. அதில் பத்தே நாளில் தேறிவிட்டாள். சாப்பாடு இருபது நிமிஷம் என்று எழுதி, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு மென்றாள். மூன்றாவது கட்டம்தான் நிரம்பவில்லை. ஒருத்தர் பேசுவதைக் கேட்க ஒருத்தர் வேண்டுமே. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் தலையசைப்பார், அவ்வளவுதான். கீழே ரொட்டிக் கடைக்காரருக்கு அவளைக் கண்டாலே அவசரம் வந்துவிடும். சில்லறையைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். வேலையும் போய்விட்டது. மருத்துவ போர்டு பார்த்து, முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் ஊர் முழுக்கப் பேச இணைப்புக் கொடுத்தவளுக்கு ஒரு வாரம் முழுக்கப் போன் அடிக்காது. ஒருநாள் அடித்தது. தவறான நம்பர். அந்த ஆள் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். அன்றைக்கு மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். பிறகு அதை அழித்தாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்ரி ஏறி அக்கரைக்குப் போனாள். பட்டர்வொர்த்திலிருந்து பஸ். அக்கா வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது, வேகமாக நடந்து வந்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டதற்கு வேறு காரணம்.

வள்ளிநாயகி கதவைத் திறந்தாள். தங்கையின் கழுத்து எலும்பைப் பார்த்தாள்.

"மெலிஞ்சு போயிட்டே."

"ஆஸ்பத்திரியில இருந்தேன். ஹார்ட்."

"ஓம்" என்றாள் அக்கா. வீட்டில் மட்டும் வரும் யாழ்ப்பாணத்துச் சொல். "உள்ளே வா."

தேநீர் கொடுத்தாள். உப்புக் குறைத்துச் சமைத்துச் சோறு போட்டாள். மகன் பரமநாதன் கோலாலம்பூரில் வேலையாக இருப்பதைச் சொன்னாள். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். வளைத்துச் சொல்கிற அந்தப் பழைய பேச்சு வரவே இல்லை. தங்கையிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை அக்கா கற்றுக்கொண்டிருந்தாள். மாலை நாலு மணிக்கு ஞானாம்பிகை புறப்பட்டாள். கேட்வரை வந்த அக்கா, திரும்ப வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போனாள். கோவிலுக்குத் துணைக்குப் போனாள், பயற்றங்காய் நறுக்கிக் கொடுத்தாள். ஒருநாள் அக்கா காய் அரிந்துகொண்டே தொடங்கினாள். "அத்தானுக்கு அன்னிக்கு வந்தது…" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். அடுத்த சொல்லுக்குத் தவித்தாள். அந்தச் சொல் ஞானாம்பிகையின் நாக்கில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கையிலிருந்த பயற்றங்காய் ஒடிந்தது. அக்கா வெகுநேரம் காத்திருந்தாள், தங்கை முடிக்கப் போகிறாள் என்று. முடிக்கவில்லை என்றதும் வியப்போடு நிமிர்ந்து பார்த்தாள். "சரி விடு" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. எண்பத்து நாலு ஜனவரியில் பரமநாதன் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. முட்டி வலியோடு தனியாக இருக்கமுடியாது. வீட்டை வாடகைக்கு விட்டார்கள். காலை ரயிலில் புறப்பாடு. பரமநாதன் சாமான்களோடு முன்னாலேயே லாரியில் போய்விட்டான். அக்காவை ரயில் ஏற்றிவிட ஞானாம்பிகை முதல்நாளே வந்து தங்கியிருந்தாள்.

வள்ளிநாயகிக்குப் பயணம் என்றால் பயம். வண்டி வர ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனில் போய் உட்காரவேண்டும் என்றாள். பழைய ஞானாம்பிகையாக இருந்தால் அதைச் சொல்லியே அக்காவை அழவைத்திருப்பாள். இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். பிளாட்பாரத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வேறு ஆள் இல்லை.

அரைமணி நேரம் கழித்து அக்கா பேசினாள்.

"அன்னிக்கு நான் போன் பண்ணினது அவர் சொல்லித்தான்."

ஞானாம்பிகை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பரமநாதனுக்குச் சொல்லலாம்னு சொன்னேன். அவன் தூரத்துல இருக்கான், பதறுவான்னார். பக்கத்து வீட்டுக்காரர் கிட்ட கேக்க வெக்கம். கட்டில்ல சாஞ்சபடியே சொன்னார்…" அக்கா நிறுத்தினாள். ஒரு சரக்கு வண்டி மெதுவாகப் போயிற்று. அது முழுக்கப் போய் முடியும்வரை அக்கா பேசவில்லை. ஞானாம்பிகையும் பேசவில்லை.

"சொன்னார், ஞானத்தைக் கூப்பிடு. அவதான் சுறுசுறுப்பு. நாம யோசிச்சிட்டு இருப்பம், அவ அதுக்குள்ள டாக்டர், வண்டி, ஆஸ்பத்திரி எல்லாம் ஏற்பாடு பண்ணிருவான்னார். எனக்குத்தான் சொல்லத் தெரியல. மழை, குடைன்னு தொடங்கிட்டேன். போன வச்சிட்டு வந்து அவர் கிட்ட…"

பேசாதிருந்த மூன்று வருஷமும் ஞானாம்பிகை மனசுக்குள் நடத்திய சண்டைகள் ஒன்றிலும் அக்கா இதைச் சொன்னதில்லை. இந்த வாக்கியத்தின் முடிவு அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது. வண்டி கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தாள். வண்டி சரியான நேரத்துக்கு வந்தது.

"வந்துட்டுதே!" என்று அக்கா பதறி எழுந்தாள். பெட்டி, பை, தண்ணீர் பாட்டில், டிக்கெட். படியில் ஏறமுடியாமல் முட்டி வலிக்க, பின்னாலிருந்து ஞானாம்பிகை தாங்கி ஏற்றிவிட்டாள். ஜன்னலோரம் உட்காரவைத்து இறங்கினாள். அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தங்கையின் கன்னத்தைத் தொட்டாள்.

"மருந்த நேரத்துக்குச் சாப்பிடு. மாடிப்படி ஏறும்போது நின்னு நின்னு ஏறு."

"அக்கா, அவர் கிட்ட என்ன சொன்னீங்க?"

வண்டி நகர்ந்தது. அக்கா ஏதோ சொன்னாள். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ஞானாம்பிகை ரயில் பெட்டியோடு கூடவே ஓடியிருக்கலாம். முன்பு என்றால் ஓடியிருப்பாள். ஓடவில்லை.

மறுநாள் கடிதம் எழுத உட்கார்ந்தாள். ஒரு பக்கம் எழுத நாலு நாள் ஆயிற்று. தவறு தன்னுடையது என்று எழுதினாள். அதற்குக் கீழே ஒரு காரணமும் எழுதவில்லை. எழுதிய மூன்று காரணங்களை அடித்து, நல்ல தாளில் திரும்ப எழுதினாள்.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. நாலு பக்கம். கோலாலம்பூர் வெக்கை, பேத்திக்குப் பல் முளைத்தது, குழாயில் தண்ணீர் வராமல் பிளம்பர் வந்தது, அந்த பிளம்பரின் தாய்க்கும் முட்டி வலி, அவள் சொன்ன எண்ணெய், அது எந்தக் கடையில் கிடைக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் போயிற்று. அன்றைக்குக் கணவனிடம் என்ன சொன்னாள் என்பது மட்டும் அதில் இல்லை. அதற்குப் பின் வந்த கடிதங்களிலும் இல்லை.

அந்த முதல் கடிதத்தின் நாலு பக்கத்தையும் ஞானாம்பிகை ஒரு வரி விடாமல் படித்தாள். கடிதம் வந்திருக்கிறது என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தாள். எதிர்வீடு பூட்டியிருந்தது. கீழே மார்க்கெட்டில் சனிக்கிழமைக் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், அந்த எண்ணெயைப் பற்றி விவரமாகக் கேட்டு எழுதத் தொடங்கினாள்.